வட்டியில்லா வங்கி ஒன்று நடத்துகிறேன்

இந்தியாவில் வங்கி தொடங்குவது சாமானியர் காரியமில்லை. ரிசர்வ் வங்கியின் உரிமம் வேண்டும். சிறு நிதி வங்கி என்று அடக்கமாகப் பெயர் வைத்துக்கொண்டாலும் நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் மூலதனம் காட்ட வேண்டும். முழு வங்கி என்றால் இன்னும் அதிகம். இது எதுவும் இல்லாமல், சென்னிமலையில் ஒரு பத்துக்குப் பன்னிரண்டு அறையில், பெட்ஷீட் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு நான் ஒரு வங்கி நடத்துகிறேன். மேனேஜர் இல்லை, வாசலில் துப்பாக்கியோடு வாட்ச்மேன் இல்லை. கடன் மட்டும் தாராளமாகக் கொடுக்கிறேன்.

என்னிடம் கடன் வாங்குபவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. கண்ணாடிக் கட்டடங்களில் ஆபீஸ் வைத்திருப்பவர். பேப்பரின் முதல் பக்கம் முழுக்கத் தீபாவளி விளம்பரம் கொடுப்பவர். வங்கிகள் வீடு தேடி வந்து கடன் கொடுக்கத் தயாராக இருக்கும் ஆன்லைன் வியாபார நிறுவனம். ஆனாலும் அவருக்கு என் பணம்தான் பிடித்திருக்கிறது. ஏன் பிடிக்காது? வட்டி கிடையாது, அடமானம் கிடையாது, கெடு கிடையாது. என்னைக் கேட்கக்கூடத் தேவையில்லை. எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்பதை அவரே முடிவுசெய்து, எடுத்துக்கொண்ட பிறகு ஒரு மெயில் அனுப்புவார்: ‘உங்கள் தொகை பாதுகாப்பாக நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.’ யாரிடமிருந்து பாதுகாப்பு? என்னிடமிருந்துதான்.

இந்த வங்கியில் எப்போதும் எவ்வளவு இருப்பு இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் தளத்தில் என் பெட்ஷீட் நாளொன்றுக்கு இருபது உருப்படி விற்கிறது, உருப்படி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 10,000. சரக்கு வாங்குபவர் யுபிஐயில் பணம் கட்டுவது ஒரு நொடி வேலை. சரக்கு போய்ச் சேர ஐந்து நாள், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்ப ஏழு நாள், நிறுவனத்தார் கணக்கு முடித்து அனுப்ப மூன்று நாள். ஆக, பதினைந்து நாள் வியாபாரப் பணம், ஒன்றரை லட்சம் ரூபாய், நிரந்தரமாக அவர்கள் கையில். பழைய பணம் ஒரு பக்கம் வெளியே வரும். புதுப் பணம் மறுபக்கம் உள்ளே போகும். இருப்பு மட்டும் குறையவே குறையாது. என்னைப் போல எத்தனை ஆயிரம் பேர் என்று பெருக்கிக்கொள்ளுங்கள். இது எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது உள்ள கணக்கு. ஒழுங்கு கெட்டால் என்ன நடக்கும் என்பதுதான் கதை.

பணத்தை நிறுத்திவைக்கக் காரணம் வேண்டாமா? வேண்டும். தமிழ்நாட்டில் பிறந்தவனிடம் காரணம் தேடி அலையவே வேண்டாம், இனிஷியலோடு பிறக்கிறான். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். பான் கார்டில் அதுவே விரிந்து அப்பா பெயர் முழுசாக. பேங்க் பாஸ்புக்கில் பெயருக்கு முன்னால், ஒரு புள்ளியோடு. முகவரிக்குக் கொடுத்த கரண்ட் பில்லில் இன்னும் தாத்தா பெயர். இவர்கள் எல்லாரும் ஒரே ஆள்தானா என்று நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. அந்தச் சந்தேகத்துக்கும் நாள் நட்சத்திரம் உண்டு. கணக்கு தொடங்கும்போது வராது. சரக்கை ஏற்றும்போது வராது. கமிஷன் பிடிக்கும்போது நான் இன்னார் என்று அட்சர சுத்தமாகத் தெரியும். பணம் கொடுக்க வேண்டிய அன்றைக்குத்தான் ‘ஐயா, தாங்கள் யார்?’ என்று கேட்கும்.

யார் என்று நிரூபிக்கக் கேட்டதையெல்லாம் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு உதவி மையத்தின் சாட் பெட்டியைத் திறந்தேன்.

‘வணக்கம்! உங்கள் சிரமத்தை முழுமையாகப் புரிந்துகொள்கிறோம்.’

‘பணம் எப்போது வரும்?’

‘உங்கள் கணக்கு ஆய்வில் உள்ளது.’

‘ஆய்வு எப்போது முடியும்?’

‘ஆய்வு முடிந்ததும் தெரிவிப்போம்.’

‘எதை ஆய்வு செய்கிறீர்கள்?’

‘பாதுகாப்புக் காரணங்களால் அதைத் தெரிவிக்க இயலாது.’

‘சரி, யாரிடம் பேசினால் முடியும்?’

‘என்னிடமே பேசலாம். வேறு ஏதாவது உதவி தேவையா?’

வேறு ஏதாவது! கேட்ட உதவியே இன்னும் வரவில்லை. இதற்குள் புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்பட்டு, இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றும் கேட்டாயிற்று.

இந்தக் கூத்துக்குத் தோதான காலம் தீபாவளி. ‘உங்கள் கணக்கில் வழக்கத்துக்கு மாறான விற்பனை தென்படுகிறது’ என்று மெயில் வரும். தென்படத்தான் செய்யும். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஜவுளி வழக்கத்துக்கு மாறாக விற்காமல் ஆடி அமாவாசைக்கா விற்கும்? அதற்காகத்தானே மாபெரும் விழா என்று நாடெங்கும் தண்டோரா போட்டீர்கள்? விற்காதவனைத் தேடல் பட்டியலில் எட்டாம் பக்கத்துக்குத் தள்ளுவார்கள். விற்றவனைச் சந்தேகக் கேஸில் போடுவார்கள்.

எனக்கு நெய்து கொடுக்கும் தறிக்காரருக்கு இந்த ஆய்வு விவகாரம் புரியாது. சனிக்கிழமை சாயங்காலம் கூலிக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

‘ஏனுங், இந்த வாரமாச்சும் பணம் வந்துச்சுங்களா?’

‘இன்னும் வரலீங். சரிபார்க்கறாங்களாம்.’

‘யாரைங்?’

‘என்னையத்தானுங்.’

மேலும் கீழும் பார்த்தார். ‘உங்கப்பா காலத்துலருந்து பார்க்கறேனுங். சரியாத்தானே இருக்கறீங்க?’

அவருடைய ஆய்வு அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவருக்குக் கூலியும் போனஸும் கொடுக்க நான் வட்டிக்கு வாங்கினேன். வட்டி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் 2003-லேயே அதீத வட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. தின வட்டி, மணி நேர வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தடைசெய்த சட்டம். கடன் கொடுத்துக் கழுத்தை நெரிப்பவனுக்கு இத்தனை பெயர் கண்டுபிடித்தவர்கள், கேட்காமல் கடன் எடுத்துக்கொண்டு கழுத்தை நெரிப்பவனுக்கு ஒரு பெயரும் வைக்கவில்லை. அவனை ‘பிளாட்ஃபார்ம்’ என்று மரியாதையாகக் கூப்பிடுகிறோம்.

அரசாங்கத்துக்கு மட்டும் இந்த ஆய்வு கீய்வு எதுவும் பொருந்தாது. ஜி.எஸ்.டி.யில் சரக்கு எந்த மாதம் போனதோ அந்த மாதக் கணக்கு. பணம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. மாதா மாதம் கணக்குக் கொடுப்பவர் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் வரியைக் கட்டியாக வேண்டும். அதுபோக, நிறுவனம் என் விற்பனையில் ஒரு பங்கை முன்னதாகவே பிடித்து, அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் அரசுக்குச் செலுத்திவிட வேண்டும். 2024 ஜூலை 10 முதல் அது அரை சதவீதம், அதற்கு முன்பு ஒரு சதவீதம். அரசின் பங்குக்குத் தேதி இருக்கிறது. கமிஷனுக்குத் தேதியே வேண்டாம், கையோடு கழித்துக்கொள்வார்கள். சரக்கைக் கொடுத்தவன் பங்குக்கு மட்டும் பஞ்சாங்கத்தில் நாளே இல்லை.

சரி, பணம்தான் இப்படி. சரக்காவது ஒழுங்காகப் போகிறதா?

டபுள் பெட்ஷீட் ஒன்றை மடித்துக் கவரில் போட்டால் தராசில் ஒரு கிலோ. கூரியர்காரருக்குத் தராசு பிடிக்காது; டேப் பிடிக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வருவது பரிமாண எடை. நிஜ எடை, பரிமாண எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூலி. வண்டியில் இடத்தை அடைப்பதற்கு வாடகை கேட்பது நியாயம்தான். என் பொட்டலம் 35-க்கு 28-க்கு 8. பெருக்கினால் 7,840, வகுத்தால் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். இரண்டு கிலோவுக்கான கட்டணம் கட்டி அனுப்பினேன். வழியில் ஒரு கிடங்கில் மெஷின் அதை அளந்து 42-க்கு 36-க்கு 17 என்றது. ஐந்து கிலோவுக்கு மேல்! ஈரோட்டில் வண்டியேறிய பெட்ஷீட்டுக்கு நாக்பூர் போவதற்குள் யார் என்ன ஊட்டிவிட்டார்களோ, இப்படிப் பெருத்துவிட்டது. வித்தியாசத்தை என் கணக்கில் கழித்துக்கொண்டார்கள். டேப் வைத்து எடுத்த போட்டோவை அனுப்பினேன். ‘எங்கள் மெஷின் அளவே இறுதியானது’ என்று பதில் வந்தது.

வாரச்சந்தையில் காய்கறி விற்கும் அம்மாவின் தராசில் முத்திரை இல்லையென்றால் அபராதம் போட அதிகாரி வந்துவிடுவார். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் அவர் பையில் இருக்கும். உங்கள் மெஷினுக்கு யார் முத்திரை போட்டது, எப்போது போட்டது என்று கேட்டேன். ‘வேறு ஏதாவது உதவி தேவையா?’ அந்த மெஷின் ஒரே ஒரு தடவை குறைத்து அளந்து எனக்குப் பணம் திருப்பிக் கொடுத்திருந்தால், பாவம், கோளாறு என்று நம்பியிருப்பேன். எப்போதும் ஒரே பக்கம் சாயும் தராசைச் சந்தையில் கோளாறு என்று சொல்ல மாட்டார்கள்.

பெருத்த பெட்ஷீட்டாவது போய்ச் சேர்ந்தால் சந்தோஷம். திருச்சி உறையூரில் ஒரு அம்மா காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஆப்பில் செய்தி: ‘டெலிவரிக்கு வந்தோம், கதவு பூட்டியிருந்தது.’ மறுநாள், ‘முகவரி கிடைக்கவில்லை’. நேற்றுப் பூட்டியிருந்த கதவு இன்று ஊரைவிட்டே போய்விட்டது போலிருக்கிறது. அதற்கும் மறுநாள், ‘வாடிக்கையாளர் வாங்க மறுத்துவிட்டார்’. பெட்ஷீட் திரும்பிப் புறப்பட்டுவிடும். போன கூலியும் வந்த கூலியும் என் தலையில். உறையூர் அம்மாவின் ஒற்றை நட்சத்திரமும் என் தலையில்தான். டெலிவரி பையனைத் திட்டிப் பயனில்லை. பொட்டலத்துக்கு இவ்வளவு என்று ஓடுகிறவன். ஒரு ஆள் முடிக்க முடியாத எண்ணிக்கையை முதுகில் ஏற்றி அனுப்பினால், மிச்சத்துக்கு ஏதாவது ஒரு பட்டனை அமுக்கித்தான் அவன் வீடு போய்ச் சேர முடியும். பட்டனை வைத்தவர்கள் ஏசி அறையில் இருக்கிறார்கள்.

இன்னொரு பொட்டலம் திரும்பி வந்தது. பிரித்தால் உள்ளே என் பெட்ஷீட் இல்லை. யாரோ கட்டிக் கிழித்த லுங்கி. நஷ்டஈடு கேட்டால் வீடியோ கேட்பார்கள். பொட்டலத்தின் ஆறு பக்கமும் தெரிய வேண்டும். பார்கோடு படிக்கும்படி இருக்க வேண்டும். பிரிக்கும் கையும் பொருளும் ஃபிரேமை விட்டு வெளியே போகக் கூடாது. ஒரே ஷாட், வெட்டே கூடாது. ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராமே வந்து சென்னிமலையில் லைட் கட்டி எடுத்துக் கொடுத்தாலும் பதில் ஒன்றுதான்: ‘வீடியோ தெளிவாக இல்லை.’ லுங்கி நன்றாகவே தெரிந்தது. பச்சைக் கட்டம் போட்ட லுங்கி. நான் பொய் சொல்லவில்லை என்று காட்ட ஆறு பக்கப் படப்பிடிப்பு வேண்டும். கதவு பூட்டியிருந்தது என்று சொல்ல அவர்களுக்கு ஒரு போட்டோகூட வேண்டாம்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். வரிசையாக இருக்கிறது. ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கலாம்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம். சிறு தொழிலிடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. கேட்கவே காது குளிர்கிறது. ஆனால் நம்மவர் கையை விரிப்பார்: ‘நான் எங்கே வாங்கினேன்? வாங்கியது உறையூர் அம்மா. அவர்தான் பணம் கட்டிவிட்டாரே!’ கட்டிவிட்டார் சாமி, உங்களிடம் கட்டிவிட்டார் என்பதுதானே என் பிராது?

அடுத்தது 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள். புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும், குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். அருமையான விதி, வாங்குபவருக்கு. வியாபாரம் செய்கிற நான் நுகர்வோர் இல்லையாம். பூப்போட்ட பெட்ஷீட் ஒன்றை நானே வாங்கியிருந்தால் எனக்கு உரிமை இருந்திருக்கும். விற்றது என் குற்றம்.

ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில், வாங்குபவர் கட்டும் பணத்தை வியாபாரிக்காகப் பெறும் நிறுவனங்களுக்கு ஒரு விதி போட்டது: பணத்தைத் தனியாக ஒதுக்கி வைக்க எஸ்க்ரோ கணக்கு வேண்டும், இத்தனை நாளில் அது வியாபாரிக்குச் சேர வேண்டும். கூடவே ஒரு ஜன்னலையும் திறந்து வைத்தது: சரக்கைத் திருப்பும் காலம் முடியும்வரை பணத்தை வைத்திருக்க ஒப்பந்தம் இருந்தால், அந்தக் காலம் முடிந்த மறுநாள் கொடுத்தால் போதும். ஒப்பந்தத்தை எழுதுவது யார்? அவர்கள். நான் ‘ஏற்கிறேன்’ என்ற பெட்டியில் டிக் போட்டவன். வழக்குப் போட வேண்டுமானால் எந்த ஊர் என்பதும் அதில்தான் இருக்கும். பெருந்துறை கோர்ட் என்று மட்டும் இருக்காது.

போட்டி ஆணையம்? 2020 ஜனவரியில் இரண்டு பெரிய தளங்கள்மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார்கள். உச்ச நீதிமன்றம்வரை போய் 2021 ஆகஸ்டில்தான் விசாரணைக்கு வழி பிறந்தது. விசாரணை தொடங்கலாமா என்று தீர்மானிக்கவே ஒன்றரை வருடம் வக்கீல் வைக்க அவர்களால் முடிகிறது. நான் ஒரு சனிக்கிழமைக் கூலியைத் தள்ளிப்போட முடியாதவன்.

இத்தனைக்கும் அடியில் இருக்கும் தந்திரம் ஒன்றுதான். அந்நிய முதலீடு பெற்ற தளங்கள் சொந்தச் சரக்கு விற்கக் கூடாது, சந்தையாக மட்டுமே இருக்கலாம் என்பது விதி. 2018 டிசம்பரில் அதை இன்னும் இறுக்கினார்கள். அன்றிலிருந்து ‘நாங்கள் வெறும் சந்தை’ என்பது அவர்களுக்கு மந்திரமாகிவிட்டது. பொருள் உடைந்தால் வெறும் சந்தை. தொலைந்தால் வெறும் சந்தை. லுங்கியாக மாறினால் வெறும் சந்தை. பணம் வந்தால் மட்டும் கல்லாப்பெட்டி. தள்ளுபடி நாளில் என் விலையைக் குறைக்கச் சொல்லும்போது முதலாளி. தாமதத்துக்கு அபராதம் போடும்போது நீதிபதி. ஈரோடு கனி மார்க்கெட்டும் சந்தைதான். அங்கேயும் கடன் உண்டு, இழுத்தடிப்பு உண்டு, ஏமாற்றுவதும் உண்டு. ஆனால் பாக்கி வைத்தவனின் கடை எது, வீடு எது என்று தெரியும்; போய் உட்கார்ந்தால் டீ வாங்கிக் கொடுத்தாவது பதில் சொல்வான். கடைக்கு இடம் கொடுத்தவர் என் கல்லாவைத் தூக்கிக்கொண்டு போய் ஆய்வு செய்கிறேன் என்று சொன்ன சரித்திரம் அங்கே இல்லை.

மோசடி விற்பனையாளர்கள் இல்லையா? இருக்கிறார்கள். போனுக்குப் பதில் சோப்பை அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். பிடியுங்கள், உள்ளே தள்ளுங்கள். ஆனால் போலீஸ்காரர்கூட ஒருவனைக் கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்கிறது. கொலைகாரனுக்குக் கிடைக்கும் அந்த உரிமை என் ஒன்றரை லட்சத்துக்கு இல்லை. எஃப்.ஐ.ஆர். இல்லை, குற்றச்சாட்டு இல்லை, ஜாமீன் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை 12 முதல் ஒரு ஒழுங்குமுறை அமலில் இருக்கிறது. அங்கே விற்பனையாளரின் கணக்கை முடக்கினால் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரேயடியாக மூடுவதென்றால், பொதுவாக 30 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். அங்கே சொல்லத் தெரிந்த காரணம் விமானம் ஏறி இங்கே வந்ததும் பாதுகாப்பு ரகசியமாகிவிடுமா?

இதற்கெல்லாம் மகுடமாக ஒரு புதுக் கண்டுபிடிப்பு வந்திருக்கிறது. கேஷ் ஆன் டெலிவரியில் வசூலான பணத்தைச் சில கூரியர் தளங்கள் நாள் கணக்கில் வைத்திருக்கும். சீக்கிரம் வேண்டுமா? அதற்கும் வசதி உண்டு, சிறு கட்டணம் மட்டும். என் பணத்தை என்னிடமே கொடுக்க எனக்கே கட்டணம்! மீட்டர் வட்டிக்காரர்களே, நீங்கள் வீணாகக் கெட்ட பேர் வாங்கினீர்கள். ஒரு ஆப் வைத்திருந்தால் உங்களுக்கு ஸ்டார்ட்அப் விருது கொடுத்திருப்பார்கள்.

இரக்கம் யாரிடமும் கேட்கவில்லை. மூன்று வரியில் ஒரு சட்டம் போதும். பணத்தை நிறுத்தினால் ஏழு நாளில் காரணத்தை எழுத்தில் கொடு. எங்களிடம் கேட்கும் வீடியோவைப் போல, பூட்டிய கதவுக்கும் பெருத்த பெட்ஷீட்டுக்கும் நீ சாட்சி காட்டு. குற்றம் நிரூபணமாகவில்லை என்றால், பிடித்து வைத்திருந்த ஒவ்வொரு நாளுக்கும் 2006 சட்டத்தில் உள்ள அதே மூன்று மடங்குக் கூட்டு வட்டியைக் கட்டு. டெல்லியில் சட்டம் எழுதுபவர்கள் மூன்றாவது வரியை மட்டும் எழுதினால்கூடப் போதும். அது அரசிதழில் வெளிவரும் அன்று மாலைக்குள் ஆய்வுகள் எல்லாம் முடிந்துவிடும். ஆதாரும் பான் கார்டும் பாஸ்புக்கும் தாத்தாவின் கரண்ட் பில்லும் ஒரே ஆளுடையவைதான் என்று கம்ப்யூட்டருக்குப் பளிச்சென்று விளங்கிவிடும்.